அப்பாவின் புத்தகக் கடையை மூடிவிடலாமா என்று கேட்டவருக்கு

நீங்கள் கேட்டது இதுதான். மாவட்டத் தலைநகர் ஒன்றில் பஸ் ஸ்டாண்டு பக்கம் அப்பா இருபத்தைந்து வருடமாகப் புத்தகக் கடை நடத்துகிறார், ஆன்லைன் வந்த பிறகு வியாபாரம் பாதியாகிவிட்டது, அமேசானும் ஃப்ளிப்கார்ட்டும் சின்னக் கடைகளை முடித்துவிட்டன என்று எல்லோரும் சொல்கிறார்கள், அது உண்மைதானா, உண்மை என்றால் இப்போதே கடையை மூடிவிடலாமா. ஒரே கேள்வி போலத் தெரிந்தாலும் இதில் இரண்டு இருக்கின்றன. வியாபாரம் குறைந்ததற்கு ஆன்லைன்தான் காரணமா என்பது ஒன்று, மூடுவதா வேண்டாமா என்பது இன்னொன்று. முதலாவதற்கு ஆமாம் என்று பதில் வந்தால் இரண்டாவதற்கும் ஆமாம் என்றுதான் வர வேண்டும் என்பதில்லை. நான் தமிழ்ப் பதிப்பகம் ஒன்றில் விற்பனைப் பிரிவில் பல வருடம் இருந்தவன், இப்போது விநியோகம் செய்கிறேன். ஊர் ஊராகப் போய்க் கடைக்காரர்களிடம் பாக்கி கேட்டிருக்கிறேன், அதே பாக்கி வராததற்காகப் பதிப்பாளரிடம் பேச்சும் வாங்கியிருக்கிறேன், அதனால் இரண்டு பக்கத்துக் கணக்கும் ஓரளவு தெரியும். உங்கள் அப்பாவின் கணக்கு நோட்டை நான் பார்க்கவில்லை. ஆகவே எது எல்லாக் கடைக்கும் பொருந்தும், எது உங்கள் கடையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்று பிரித்தே எழுதுகிறேன்.

முதலில் சந்தேகமில்லாத விஷயம். இந்தியாவில் ஆன்லைன் வியாபாரம் புத்தகத்தை வைத்துத்தான் வளர்ந்தது. 1999லேயே பெங்களூரில் ஃபேப்மால் என்ற தளம் இருந்தது, ஆனால் விஷயம் சூடு பிடித்தது 2007இல் ஃப்ளிப்கார்ட் வந்த பிறகு. அவர்கள் விற்க ஆரம்பித்தது புத்தகம் மட்டும்தான். அமேசானும் 1995இல் அமெரிக்காவில் புத்தகத்தோடுதான் கடை திறந்தது, 2013இல் இங்கே வந்தபோதும் புத்தகம், சினிமா டிவிடி என்றுதான் தொடங்கியது. ஏன் புத்தகம் என்றால், சென்னையில் வாங்கினாலும் சிவகாசியில் வாங்கினாலும் அதே புத்தகம்தான். சட்டை மாதிரி அளவு பார்க்க வேண்டாம், கண்ணாடிச் சாமான் மாதிரி வழியில் உடையாது, ஐஎஸ்பிஎன் என்று ஒவ்வொன்றுக்கும் தனி எண் இருக்கிறது, கெட்டுப்போகாது. எவ்வளவு பெரிய கடையாக இருந்தாலும் சில ஆயிரம் தலைப்புகளுக்கு மேல் அடுக்க முடியாது, இணையத்தில் லட்சக்கணக்கில் காட்டலாம். 2010இல் ஃப்ளிப்கார்ட் பொருள் கைக்கு வந்த பிறகு பணம் கொடுத்தால் போதும் என்று கொண்டுவந்ததும், கிரெடிட் கார்டு இல்லாத மாணவர்கள்கூட அந்தப் பக்கம் போய்விட்டார்கள். முதலீட்டாளர் பணத்தில் முப்பது, நாற்பது சதவீதத் தள்ளுபடி கொடுத்த காலம் அது. பெரிய கடைகளாலேயே அதைத் தாங்க முடியவில்லை. 1987இல் நுங்கம்பாக்கத்தில் தொடங்கிய லேண்ட்மார்க் ஒவ்வொரு கிளையாகச் சுருங்கிக் காணாமல் போனது. மும்பையில் 1948லிருந்து இருந்த ஸ்ட்ராண்ட் 2018இல் மூடப்பட்டது. ஆனால் அண்ணா சாலையில் ஹிக்கின்பாதம்ஸ் இன்னும் இருக்கிறது, 1844இல் தொடங்கிய கடை, 1904இல் தனக்கென்று கட்டிய கட்டடத்தில். வாடகை எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இந்த ஒரு உதாரணத்திலேயே யோசித்துப் பார்க்கலாம், அதற்குப் பிறகு வருகிறேன்.

மேலே சொன்ன கடைகள் எல்லாம் பெரும்பாலும் ஆங்கிலப் புத்தகக் கடைகள். உங்கள் அப்பாவுடையது தமிழ்ப் புத்தகக் கடை, அங்கே நடந்தது வேறு. இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியில் இருந்து பார்ப்பவர்கள் தள்ளுபடியை மட்டும் பார்க்கிறார்கள். 300 ரூபாய் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பதிப்பகம் கடைக்கு 30 சதவீதம் கழிவு, அதாவது அச்சிட்ட விலையில் கடைக்காரருக்கு விடும் பங்கு, கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம், சிலர் 35 கொடுப்பார்கள், பெரிய ஆர்டராக இருந்தால் 40கூட. 30 என்றால் கடைக்கு நிற்பது 90 ரூபாய். அதில் லாரி பார்சல் செலவு, வாடிக்கையாளர் கேட்கும் பத்து சதவீதத் தள்ளுபடி 30 ரூபாய், வாடகை, கரண்ட், கடைப் பையன் சம்பளம் எல்லாம் போக வேண்டும். இப்போது அதே புத்தகம் அமேசானில் 255 ரூபாய்க்கு இருக்கிறது. உங்கள் அப்பா அதைப் பார்த்துவிட்டு, பெரிய கம்பெனி நஷ்டத்துக்கு விற்றுக் கடைக்காரனைக் கொல்கிறது என்று நினைப்பார். விற்பவர் பெயரை அழுத்திப் பாருங்கள். பல நேரம் அங்கே இருப்பது அந்தப் பதிப்பகமேதான், இல்லாவிட்டால் அந்தப் பதிப்பகத்திடம் அதிகக் கழிவில் எடுத்த மொத்த வியாபாரி. பதிப்பாளருக்குக் கடை மூலம் விற்றால் 210 ரூபாய் வரும், அதுவும் ஆறு மாதம் கழித்து, நாலு தடவை போன் போட்ட பிறகு. நேரடியாக 255க்கு விற்றால், தளத்தின் கமிஷனும் அனுப்பும் செலவும் போன பிறகு கையில் நிற்பது கடை கொடுப்பதற்குப் பக்கத்தில் இருக்கும், விலை கூடிய புத்தகம் என்றால் அதிகமாகவே நிற்கும். முக்கியமாக அந்தப் பணம் ஒன்றிரண்டு வாரத்தில் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். தன் சொந்த வலைத்தளத்தில் ஜிபே மூலம் விற்றால் கமிஷனும் மிச்சம்.

ஆகவே என் பதில் இதுதான்: தமிழ்ப் புத்தகக் கடையிடமிருந்து வாசகரை அமேசான் பறித்துக்கொண்டது என்பதைவிட, பதிப்பாளர் கடைக்காரர் ஆகிவிட்டார் என்பது உண்மைக்கு நெருக்கமானது. ஆன்லைன் அவருக்குக் கதவு திறந்துவிட்டது, அவ்வளவுதான். நான் பதிப்பகத்து மேஜையில் உட்கார்ந்திருந்தவன் என்பதால் சொல்கிறேன், இதில் பதிப்பாளரை வில்லனாக்கவும் முடியாது. காகித விலையையும் அச்சகத்துக்காரரையும் அவர் மாதாமாதம் சமாளிக்க வேண்டும். புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, ஆனால் காகிதத்துக்கும் அச்சுக்கும் உண்டு, கட்டிய வரியைத் திரும்ப எடுக்க வழியில்லை. கடைகளில் முடங்கிய பாக்கியால் நொடித்துப்போன சின்னப் பதிப்பகங்களை எனக்குத் தெரியும். உடனே பணம் வரும் ஒரு வழி கிடைத்தால் யார்தான் விடுவார்கள்.

இதோடு சேர்ந்து இன்னொன்று நடந்தது. முன்பெல்லாம் ஒரு தமிழ்ப் புத்தகம் ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதி அச்சாகும். நூலக ஆணை, அதாவது பொது நூலகங்களுக்கு அரசு வாங்கும் ஆர்டர், கிடைத்தால் அதில் பெரும்பங்கு நூலகத்துக்குப் போகும், மிச்சம் கடைகளுக்கு வரும். நூலக ஆணை எப்போது வரும் என்று சொல்ல முடியாத நிலையும், குறைந்த பிரதி அச்சடிக்கும் டிஜிட்டல் முறையும் வந்த பிறகு, நூறு, இருநூறு, முந்நூறு என்று அடித்துக்கொள்கிறார்கள். இருநூறு பிரதியை வைத்துக்கொண்டு ஊருக்கு ஐந்து என்று நாற்பது கடைக்கு அனுப்ப எந்தப் பதிப்பாளரும் துணிய மாட்டார். விளைவு, ஃபேஸ்புக்கில் ஒரு நாவலைப் பற்றிப் படித்துவிட்டு ஒருவர் உங்கள் கடைக்கு வந்து கேட்டால், அப்பா சொல்லும் பதில், "இல்லைங்க, சொல்லி வைக்கிறேன், அடுத்த வாரம் வந்துடும்." அவர் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து படிக்கட்டிலேயே நின்று போனில் ஆர்டர் போட்டுவிடுவார். பத்து சதவீதம் குறைவாகக் கிடைக்கிறது என்பதற்காக அவர் போகவில்லை, புத்தகம் கடையில் இல்லை என்பதற்காகப் போனார். இந்த வித்தியாசத்தை அப்பாவிடம் எடுத்துச் சொல்லுங்கள். விலையில் போட்டி போட்டால் தோற்பது நிச்சயம். சரக்கு இல்லாததால் போகிறவரை நிறுத்துவதற்குக் கொஞ்சம் வழி இருக்கிறது.

புத்தகக் கண்காட்சியையும் இங்கே சொல்லியாக வேண்டும், சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். சென்னைப் புத்தகக் காட்சி 1977லிருந்து நடக்கிறது, பொங்கலை ஒட்டி. நெய்வேலி, ஈரோடு எல்லாம் அதற்குப் பிறகு பேர் வாங்கியவை. சில வருடங்களாக அரசே மாவட்டம்தோறும் நடத்துகிறது. வாசிப்புக்கு நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் பத்து நாளில் ஊரின் ஒரு வருடப் புத்தகப் பட்ஜெட்டைப் பதிப்பகங்கள் நேரடியாக வழித்து எடுத்துக்கொண்டு போய்விடுகின்றன. பள்ளிக்கூடங்கள் நூலகத்துக்கு வாங்குவதும், ஆசிரியர்கள் வாங்குவதும், கல்லூரிப் பிள்ளைகள் சேர்த்துவைத்த காசில் வாங்குவதும் எல்லாம் அந்தப் பத்து நாளில். கண்காட்சி முடிந்த பிறகு இரண்டு மூன்று மாதம் கடையில் ஈ ஓட்டுவார்கள். ஆன்லைனைப் பற்றிப் பேசும் அளவுக்கு இதைப் பற்றிக் கடைக்காரர்கள் வெளியே பேசுவதில்லை, பேசினால் வாசிப்புக்கு எதிரி என்று பெயர் வரும்.

அப்புறம், மாவட்டத் தலைநகர்ப் புத்தகக் கடை என்றால் அது இலக்கியத்தை நம்பி நடப்பதில்லை, இது உங்களுக்கே தெரிந்திருக்கும். கல்லா நிறைவது ஜூன், ஜூலையில். நோட்டு, கைடு, ஜியாமெட்ரி பாக்ஸ், பிரவுன் அட்டை, லேபிள். அதற்கு அடுத்து டிஎன்பிஎஸ்சி, டெட், போலீஸ் தேர்வுப் புத்தகங்கள். இந்த வருமானம் எங்கே போனது என்று பாருங்கள். தனியார் பள்ளிகள் பாடப் புத்தகம், நோட்டு, அட்டை, பை எல்லாவற்றையும் ஒரே செட்டாகக் கட்டி ஃபீஸோடு சேர்த்து வாங்கிக்கொள்கின்றன. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகம் இலவசம், அது நல்லதுதான். பாடநூல் கழகப் புத்தகங்கள் பிடிஎஃப் ஆக இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் அதை இறக்கி ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போட்டுக்கொள்கிறார்கள். மிச்சம் டெலிகிராமிலும் யூடியூபிலும். இதில் ஆன்லைன் ஷாப்பிங் எங்கே வந்தது? வரவே இல்லை. இணையம் வந்தது, பள்ளி நிர்வாகம் வந்தது, ஜெராக்ஸ் கடை வந்தது. அப்பாவின் விற்பனை பாதியானதில் பெரிய துண்டு இந்தப் பக்கமாகப் போயிருக்கும் என்பது என் ஊகம். கணக்கைப் பார்க்காமல் ஊகம் என்றுதான் சொல்ல முடியும், ஆனால் நான் சரக்குப் போடும், இதே அளவில் இருக்கும் கடைகளில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது.

சரக்குப் போடப் போன கடை ஒன்றில் பார்த்ததைச் சொல்கிறேன். மேலே மாடியில் ஒரு டாக்டர் குடும்பம். கூரியர் பையன் மாடி ஏற அலுத்துக்கொண்டு, அவர்கள் பார்சலைக் கீழே புத்தகக் கடையில் கொடுத்துவிட்டுப் போவான், கடைக்காரர் வாங்கி வைத்து ஓடிபியைக்கூடப் போனில் கேட்டுச் சொல்வார். அன்றைக்கு வந்த கவரின் ஓரம் கிழிந்திருந்தது. உள்ளே இருந்தது சிறுவர் கதைத் தொகுதி, அதன் இரண்டு பிரதி அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த தட்டிலேயே இருந்தது. அவர் திட்டவில்லை. "கேட்டிருந்தா மாடிக்கே கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன் சார், இருக்குன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்" என்றார். அந்தக் கடைக்கு வாட்ஸப்பில் ஒரு குழு கிடையாது, வாசலில் கைடுகளின் அட்டை தவிர வேறொன்றும் தொங்காது. மேலே வசிப்பவர்களுக்குக் கீழே இருப்பது கைடு கடை. அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, பெயர் தெரிந்து புத்தகம் கேட்பவரைக் கடை இழந்துவிட்டது, அவர் திரும்ப மாட்டார். பெயர் தெரியாமல் வருபவர் இன்னும் கடைக்குத்தான் வருகிறார். "எட்டு வயசுப் பையனுக்குத் தமிழ் படிக்க வரமாட்டேங்குது, எதைக் கொடுக்கலாம்?" "ரிட்டையர் ஆனவருக்குக் கொடுக்க நல்ல புத்தகமாச் சொல்லுங்க." "கந்த சஷ்டி கவசம், எழுத்துப் பெரிசா இருக்கணும், அம்மாவுக்குக் கண் தெரியல." இந்தக் கடைசிக் கேள்வியை இணையத்தில் தேடிப் பாருங்கள், அட்டைப் படம்தான் வரும், உள்ளே எழுத்து எவ்வளவு பெரிசு என்று தெரியவே தெரியாது. பஞ்சாங்கம், பக்தி, ஜோதிடம், சமையல், சிறுவர் புத்தகம், கோலப் புத்தகம், இவை எல்லாம் புரட்டிப் பார்த்து வாங்கும் ரகம். இவற்றின் விற்பனை மற்றவை அளவுக்கு விழவில்லை என்பதை நான் தைரியமாகச் சொல்வேன், என் சொந்த பில் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது.

சந்தேகத்துக்குரியவற்றுக்கு வருகிறேன். ஆன்லைனால் வாசிப்பே குறைந்தது என்பார்கள், இதை நான் நம்பவில்லை. புத்தகக் கடையே இல்லாத ஊர்கள்தான் தமிழ்நாட்டில் அதிகம். கடை இருக்கும் நகரத்திலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஆசிரியருக்கு, தபாலில் வரும் புத்தகம் எப்பேர்ப்பட்ட வசதி என்று அவரைக் கேட்டால் தெரியும். உடுமலை போன்ற ஊரிலிருந்து உலகம் முழுக்கத் தமிழ்ப் புத்தகம் அனுப்பும் தளம் நடக்கிறதென்றால் அது இணையத்தால்தான். 2016 கடைசியில் அமேசானின் மின்புத்தகத் தளமான கிண்டிலில் தமிழ் வந்த பிறகு, எந்தப் பதிப்பகமும் தொடாத பல பேர் தாங்களாகவே வெளியிட்டார்கள். அதில் எத்தனை தேறும் என்பது வேறு விஷயம். இதற்கு நேர் எதிராக, "எல்லோரும் உள்ளூர்க் கடையில் வாங்குவோம் என்று உறுதி எடுத்தால் கடைகள் பிழைத்துவிடும்" என்பதையும் நான் நம்பவில்லை. அப்படி உறுதி எடுத்தவர்கள் இரண்டு தடவை வருவார்கள், கேட்ட புத்தகம் இரண்டு தடவையும் இருக்காது, மூன்றாவது தடவை வர மாட்டார்கள். அனுதாபத்தை நம்பிக் கடன் வாங்கிச் சரக்கு போடாதீர்கள்.

வெளிநாட்டில் சட்டம் போட்டுக் காப்பாற்றவில்லையா என்று நீங்கள் கேட்டிருந்தீர்கள். பிரான்சில் 1981 முதல் புத்தகத்துக்கு ஒரே விலை, ஐந்து சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி கொடுக்கக் கூடாது. 2014இல் தள்ளுபடியோடு இலவச டெலிவரியும் தரக் கூடாது என்றார்கள், உடனே அமேசான் டெலிவரிக்கு ஒரு சென்ட் கட்டணம் வைத்தது. அதற்குப் பதிலடியாக 2023இல் 35 யூரோவுக்குக் குறைந்த ஆர்டருக்குக் குறைந்தது 3 யூரோ டெலிவரி கட்டணம் வாங்கியே தீர வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். நம் ஊரில் அச்சிட்ட விலைக்கு மேல் விற்கக் கூடாது என்றுதான் சட்டம், அதற்குக் கீழே எவ்வளவு வேண்டுமானாலும் இறங்கலாம். பிரான்ஸ் மாதிரிச் சட்டம் இங்கே வந்தால் நல்லதா என்றால், எனக்கு ஆசைதான், ஆனால் கண்காட்சியில் பத்து சதவீதம், முன்வெளியீட்டில் முப்பது சதவீதம், நாட்டுடைமை ஆகி யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்றான நாவல்களைப் பத்துப் பதிப்பகம் போட்டி போட்டு அடிமாட்டு விலைக்கு விற்பது என்று பதிப்பாளர்களே தள்ளுபடியில் பிழைக்கும் இடத்தில் அதை யார் கேட்பார்கள்? அமெரிக்காவில் சின்னப் புத்தகக் கடைகளின் எண்ணிக்கை 2009க்குப் பிறகு மறுபடி ஏறியது, இதைப் பலரும் நம்பிக்கை ஊட்டுவதற்காகச் சொல்வார்கள். அங்கே பார்டர்ஸ் என்ற பெரிய சங்கிலிக் கடை 2011இல் திவாலாகி இடம் காலியானது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் மாவட்டத் தலைநகரங்களில் காலி செய்துவிட்டுப் போக அப்படி ஒரு பெரிய கடை இருந்ததே இல்லை.

மற்ற சின்னக் கடைகளையும் கேட்டிருந்தீர்கள், அது என் துறை இல்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். அதிகம் அடிபட்டது செல்போன் கடைகள். புது மாடல் ஆன்லைனில் மட்டும் என்று அறிவித்துவிட்டால் கடைக்காரர் என்ன செய்ய முடியும். வெளிநாட்டு முதலீடு உள்ள தளங்கள் தாங்கள் பங்கு வைத்திருக்கும் நிறுவனத்தின் சரக்கைத் தங்கள் தளத்தில் விற்கக் கூடாது என்ற விதி 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. 2020 ஜனவரியில் போட்டி ஆணையம் அமேசான், ஃப்ளிப்கார்ட் மீது விசாரணைக்கு உத்தரவிட்டது, குறிப்பிட்ட சில விற்பனையாளர்களுக்குச் சலுகை காட்டினார்கள் என்று விசாரணை அறிக்கை சொன்னதாக 2024இல் செய்திகள் வந்தன. நிறுவனங்கள் தவறு செய்யவில்லை என்கின்றன. மளிகைக் கடைக்கு இருக்கும் பாதுகாப்பு கடன் எழுதும் கணக்கு நோட்டு, மாதச் சம்பளம் வந்ததும் கொடுக்கிறேன் என்பவரை எந்த மொபைல் ஆப்பும் நம்பாது. ஆனால் பெரிய நகரங்களில் பத்து நிமிட டெலிவரி வந்த பிறகு அந்தப் பாதுகாப்பு எவ்வளவு நாள் தாங்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

இனி இரண்டாவது கேள்வி. அப்பாவோடு உட்கார்ந்து ஒரு வருட பில்களை நாலாகப் பிரியுங்கள். ஸ்டேஷனரி, கைடு ஒரு பக்கம். பெயர் சொல்லிக் கேட்டு வாங்கியவை இன்னொரு பக்கம். புரட்டிப் பார்த்து வாங்கியவை மூன்றாவது. பள்ளி, கல்லூரி, மன்றம், கோயில், கல்யாணம் என்று மொத்தமாகப் போனவை நாலாவது. மூன்றாவதும் நாலாவதும் சேர்ந்து கொடுக்கும் லாபத்தில் வாடகையும் ஒரு ஆள் சம்பளமும் வந்துவிட்டால் கடையை மூட வேண்டியதில்லை, இடத்தைச் சின்னதாக்கினால் போதும். இடம் சொந்தம் என்றால் முடிவு இன்னும் சுலபம். பஸ் ஸ்டாண்டு பக்கம் வாடகை ஏறிக்கொண்டே போகிறது, முதலாவது பிரிவு இறங்கிக்கொண்டே வருகிறது என்றால், உள்ளே ஒரு தெரு தள்ளிப் போனால்கூட மூன்றாவது, நாலாவது ஆட்கள் தேடி வந்துவிடுவார்கள், முதலாவது ஆட்கள்தான் வர மாட்டார்கள். மூன்றும் நாலும் சேர்ந்தே வாடகைக்குப் பற்றவில்லை என்றால், அப்பாவின் பென்ஷனாக வர வேண்டிய பணத்தைக் கடைக்குள் போடாதீர்கள். கடைக்காரர்களில் சிலர் வீட்டை அடமானம் வைத்துக் கடையைக் காப்பாற்றப் பார்த்து இரண்டையும் விட்டிருக்கிறார்கள்.

நடத்துவதென்று முடிவெடுத்தால் சில விஷயங்கள். அமேசானில் புதுத் தலைப்புகளை ஏற்றாதீர்கள், அங்கே உங்களுக்குச் சரக்குக் கொடுத்தவரே உங்களைவிடக் குறைவாக விற்றுக்கொண்டிருப்பார். பரணில் கிடக்கும் பழைய சரக்கைப் பாருங்கள். இருபத்தைந்து வருடக் கடை என்றால் இப்போது அச்சில் இல்லாத புத்தகங்கள் கண்டிப்பாக இருக்கும், அட்டை கொஞ்சம் மங்கியிருந்தாலும் தேடுகிறவர்கள் அச்சிட்ட விலைக்கே வாங்குவார்கள். அவற்றைப் படம் எடுத்து இணையத்தில் போடுங்கள், போட்டிக்கு ஆள் இருக்காது. வெறும் புத்தகம் மட்டும் விற்றால் வரிவிலக்குப் பெற்ற பொருள் என்பதால் ஜிஎஸ்டி பதிவு இல்லாமலேயே தளங்களில் விற்கலாம், பேனா, கால்குலேட்டர் எல்லாம் சேர்த்து விற்கும் கடைக்கு நிலைமை வேறு, அதை ஆடிட்டரைக் கேட்டுச் செய்யுங்கள். அனுப்பும் செலவை முதலிலேயே கணக்குப் போடுங்கள். நம் ஆட்கள் நம்பியிருந்த தபால் துறையின் பதிவு புக் போஸ்ட் 2024 டிசம்பரில் நின்றுவிட்டது, ஐந்து கிலோவை மலிவாக அனுப்பிய காலம் போய்விட்டது. 2025 மே மாதம் ஞான் போஸ்ட் என்று ஒன்று வந்திருக்கிறது, 300 கிராம் வரை 20 ரூபாய், ஐந்து கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. எந்த வகைப் புத்தகத்துக்குப் பொருந்தும் என்பதில் நிபந்தனைகள் இருக்கின்றன, அதனால் ஒரு மாதிரிப் பார்சலோடு போய் உங்கள் ஊர்த் தலைமைத் தபால் நிலையத்தில் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

ஊருக்குள்ளே விற்பதற்கு வாட்ஸப் ஸ்டேட்டஸே போதும். வந்த பார்சலைப் பிரித்ததும் புத்தகங்களை முதுகு தெரிய அடுக்கி ஒரு படம், உள் பக்கம் ஒன்று, விலை. இவ்வளவுதான். கல்யாணத் தாம்பூலப் பைக்குப் புத்தகம் கொடுக்கும் பழக்கம் பரவியிருக்கிறது, முந்நூறு பிரதி ஒரே தலைப்பில் கேட்பார்கள், அதற்குப் பதிப்பகத்திடம் 40, 45 சதவீதம்கூடக் கேட்டு வாங்கலாம். பதிப்பாளர்களிடம் ரொக்கத்துக்கு எடுத்துக் கூடுதல் கழிவு கேளுங்கள், கடனுக்கு எடுக்காதீர்கள். விற்றால் பணம், விற்காவிட்டால் திருப்பி என்ற ஏற்பாட்டுக்குச் சின்னப் பதிப்பகங்கள் இப்போது சம்மதிக்கின்றன, ஐந்து பிரதிக்கு மேல் வாங்காமல், எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூடுவதென்று முடிவானால் ஒன்றே ஒன்று. வெளியில் சொல்வதற்கு முன்பே ரிட்டர்ன் வேலையைத் தொடங்கிவிடுங்கள். கடை மூடப்போகிறது என்று தெரிந்ததும் பதிப்பகங்கள் பாக்கியைத்தான் கேட்கும், சரக்கைத் திருப்பி எடுக்கச் சாக்குச் சொல்லும். எந்தெந்தப் பதிப்பகத்துக்கு எவ்வளவு பாக்கி, அவர்கள் சரக்கு எவ்வளவு தட்டில் இருக்கிறது என்று பட்டியல் போட்டு, அட்டை நல்ல நிலையில் இருப்பதை முதலில் கட்டி அனுப்பி, அந்தச் சரக்கின் மதிப்பைப் பாக்கியில் கழித்ததற்கான கிரெடிட் நோட் கையில் வாங்கிய பிறகு மிச்சத்துக்கு மட்டும் செக் கொடுங்கள். மார்ச்சில் எல்லோரும் கணக்கு முடிக்கும் அவசரத்தில் இருப்பார்கள், அதற்கு முன்னால் ஜனவரியிலேயே அனுப்பிவிட்டால் நல்லது. ஆனால் கண்காட்சி நேரத்தில் குடோனில் பார்சல் பிரிக்க ஆள் இருக்காது, அதனால் பொங்கல் கழித்து அனுப்புங்கள்.